ட்ரைப்பின் காகித நெகடிவும் குரக்குத்துறைக் கல்லெழுத்தும்

திருச்சி மலைக்கோட்டையையும் திருவரங்கத்துக் கோபுரங்களையும் முதன்முதலில் முறையாக ஒளிப்படத்தில் பதிந்தவர்களில் முதன்மையானவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். ஆண்டு 1858. அவருடைய கருவிக்குள் செருகப்பட்ட காகிதம் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்டது. இன்று 'மீடியம் ஃபார்மட்' என்ற பெயரில் விற்கப்படும் டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில் ஒளியை வாங்கும் சில்லின் அளவு 43.8 மில்லிமீட்டருக்கு 32.9 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் ட்ரைப்பின் காகிதம் இதைப்போல் எண்பது மடங்கு. அத்தகைய கேமரா ஒன்றுக்குச் சென்ற ஆண்டு மாறியவன் என்ற முறையில், 'பெரியது' என்ற சொல்லை இனிக் கவனமாகவே பயன்படுத்த வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

ட்ரைப்பை அரசுப் புகைப்படக்காரர் என்றே நூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. அது பாதி உண்மை. 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, பதின்பருவத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர் அவர். 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் தாயகம் போனபோதுதான் ஒளிப்படக்கலை அவரைப் பிடித்துக்கொண்டது. 1853இல் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். திரும்பி வந்து பெங்களூரில் இருந்தபோது, 1854 டிசம்பரில், ஆண்ட்ரூ நீல் என்ற மருத்துவ நண்பரோடு பேலூருக்கும் ஹளேபீடுக்கும் சென்று போசளர் கோயில்களைப் படமெடுத்தார். யாரும் ஆணையிடவில்லை; சம்பளமும் இல்லை. பொழுதுபோக்குக்காரன் தன் சொந்தச் செலவில் செய்த காரியம் அது. அந்தப் படங்கள் 1855ஆம் ஆண்டு சென்னைப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டுப் பதக்கம் பெற்றன. அதே ஆண்டு பர்மிய மன்னர் மிண்டோனின் அவைக்குச் சென்ற தூதுக்குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. 1856இல் சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரர் பதவி.

ஓர் அமெச்சூருக்கு அரசாங்கமே கருவியும் காகிதமும் வாங்கிக் கொடுத்து, ஊர் ஊராகப் போய் வா என்று அனுப்புவதைவிடப் பெரிய கொடுப்பினை வேறென்ன இருக்க முடியும்? காரணம் இல்லாமல் இல்லை. பழஞ்சின்னங்களை ஓவியர்களைக் கொண்டு வரைய வைப்பது நாட்கணக்கில் இழுக்கிறது, பிழைபடுகிறது, செலவும் மிகுதி; ஒளிப்படம் விரைவானது, மலிவானது என்று கம்பெனி இயக்குநர்கள் நம்பத் தொடங்கியிருந்த காலம் அது. மலிவு என்ற அந்த நம்பிக்கை எத்தனை நாள் நீடித்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1857இன் இறுதியில் தொடங்கிய பயணத்தில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று ட்ரைப் சுற்றினார். வடக்கே பெருங்கிளர்ச்சி ஓயாத மாதங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கருவிகளும் மருந்துகளும் மாட்டுவண்டிகளில் வந்தன. கண்ணாடித் தகட்டில் ஈரமாகவே மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவ வேண்டிய கொலோடியன் முறை அப்போது புதிது, துல்லியமும் கூடுதல். ஆனால் நம் ஊர் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? ஆகவே ட்ரைப் பெரிதும் நம்பியது பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே உருவாக்கிய மெழுகுக் காகித முறையை. மெல்லிய காகிதத்தில் மெழுகை உருக்கி ஊறவைத்து, பொட்டாசியம் அயோடைடிலும் பின்னர் வெள்ளி நைட்ரேட்டிலும் தோய்த்து உலர்த்தி வைத்துக்கொண்டால் சில நாட்கள் கெடாது. கேமராவில் வைத்து நிமிடக் கணக்கில் ஒளி காட்ட வேண்டும். பிறகு காலிக் அமிலத்தில் மணிக்கணக்காகக் கிடந்து உரு மெல்ல மேலெழும். படத்தைப் பெரிதாக்கும் வசதி நடைமுறையில் இல்லாத காலம் ஆதலால், நெகடிவ் எவ்வளவோ அவ்வளவே படம். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய பெட்டியைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்தக் காகிதத்துக்கு நீல ஒளி மட்டுமே நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ இருட்டு. எனவே வானம் அளவுக்கு மீறி வெளுத்து, மேகமே இல்லாத வெற்றுத்தாளாகிவிடும். ட்ரைப் தன் நெகடிவ்களின் மேல் தூரிகையால் நிறம் பூசி மேகங்களை வரைந்தார். மரங்களின் இலைத்தொகுதிகளையும் ஆங்காங்கே திருத்தினார். ஃபோட்டோஷாப் வந்த பிறகுதான் ஒளிப்படம் பொய்பேசத் தொடங்கியது என்று புலம்புபவர்களுக்கு இந்த மேகங்களைக் காட்டலாம்.

அவருடைய பணியில் எனக்கு மிகவும் நெருக்கமானது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுப் படம். சுவரைச் சுற்றி ஓடும் எழுத்து வரிகளை ஒரே படத்தில் அடக்க முடியாது. எனவே கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, பத்தொன்பது அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரு சுருளாக்கினார். தமிழெழுத்தைப் படிக்கத் தெரியாத ஒரு படையதிகாரி, படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் படிப்பார் என்று நம்பிச் செய்த வேலை. ஹூல்ட்ஸ் பதிப்பித்த தஞ்சைக் கல்வெட்டுகள் அச்சேறுவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. அழகான படம் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஒரே தூரம், ஒரே கோணம், ஒரே சலிப்பூட்டும் நேர்க்கோடு. ஆனால் அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொண்டதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

இந்தக் கதையில் ஒரு தமிழரும் உண்டு. சி. அய்யாசாமி என்பவர் ட்ரைப்பின் உதவியாளராக இருந்தார். சென்னைக் கலைப்பள்ளியோடு தொடர்புடையவர். ஆங்கில ஆவணங்களில் அவர் பெயர் படாத பாடு பட்டிருக்கிறது. அலங்காரமான தடித்த தொகுப்புகளின் முகப்பில் அவருக்கு இடமில்லை. அச்சிட்ட படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், வெள்ளி உப்பில் கறுத்த விரல்கள் பல இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், நிதிநிலை இருக்கும் நிலையில் இது தாங்க முடியாத ஆடம்பரம் என்று சொல்லி ஒளிப்பட அலுவலகத்தை மூடச் சொன்னார். ட்ரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன் பிறகு 1902இல் இறக்கும்வரை அவர் ஒளிப்படத்தில் செய்தது மிகக் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அவரை மறந்தே கிடந்தது. 2014இல் வாஷிங்டனிலும் அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும் இலண்டனிலும் பெரும் கண்காட்சி நடந்தபோதுதான் அந்தப் பெயர் பரவலாகப் பேசப்பட்டது. முசிறியில் உட்கார்ந்து அவர் எடுத்த திருச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் இன்றைக்கும் இணையத்தின் வழியே கடல் கடந்த அருங்காட்சியகங்களின் கதவைத் தட்டுவதுதான் வழி.

தட்டினால் திறக்கிறது; திறந்தால் பார்க்க நிறைய இருக்கிறது. அக்காலத்துத் திருவரங்கப் படம் எதிலும் இன்றைய தெற்கு ராஜகோபுரம் இராது. அது நிலை மட்டத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரம். பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயர்ந்து குடமுழுக்குக் கண்டது 1987 மார்ச்சில். மலைக்கோட்டைத் தெப்பக்குளக் கரையில் நாம் பார்த்துப் பழகிய லூர்து அன்னை ஆலயத்தின் ஊசிக்கோபுரமும் 1858இல் கிடையாது. நாம் 'என்றுமுள்ளது' என்று கருதும் காட்சிகளின் வயதைப் பழைய படங்கள் சட்டென்று குறைத்துவிடுகின்றன.

*

ட்ரைப்புக்குப் பின் 1860களின் இறுதியில் எட்மண்ட் லயன் இதே ஊர்களை அரசுக்காகப் படமெடுத்தார். அதற்குப் பின் கருவிகள் சுருங்கத் தொடங்கின. 1901இல் கோடாக் அறிமுகப்படுத்திய 120 சுருள்தான் பிற்காலத்தில் 'மீடியம் ஃபார்மட்' என்று பெயர்பெற்ற வடிவத்துக்கு அடிப்படை. 6 செ.மீ. அகலப் படம், ரோலிஃபிளெக்ஸும் யாஷிக்காவும் அதை நம் ஊர் ஸ்டுடியோக்களுக்குள் கொண்டுவந்தன. இடுப்புயரத்தில் கேமராவை வைத்துக் குனிந்து பார்த்து எடுக்கும் அந்தப் புகைப்படக்காரரின் முன் நிற்காத குடும்பம் முசிறி, குளித்தலை வட்டாரத்தில் குறைவு. ஏழைகளின் மீடியம் ஃபார்மட்டாக அக்ஃபா கிளிக் இருந்தது. சுருளும் உள்நாட்டிலேயே கிடைத்தது: ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் அதைத் தயாரித்தது. அந்த ஆலை நலிந்து, ஓய்ந்து, இப்போது நினைவாகிவிட்டது. 35 மி.மீ. வந்தது, வண்ணம் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது. வசதி பெருகியது; பரப்பு குறைந்தது.

டிஜிட்டலில் பெரிய பரப்பு என்பது நெடுங்காலம் கோடீசுவரச் சமாச்சாரம். 1990களின் தொடக்கத்தில் லீஃப் நிறுவனம் வெளியிட்ட முதல் பின்னிணைப்புக் கருவி நான்கு மெகாபிக்சல் கொண்டது. கணினியோடு கம்பியால் கட்டப்பட்டு ஸ்டுடியோவை விட்டு நகராதது. 2010இல் பெண்டாக்ஸ் 645டி, 2016இல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, அதையடுத்து ஃபூஜியின் ஜிஎஃப்எக்ஸ் வரிசை. இவற்றுக்குப் பின்னரே, பழைய மாடல்கள் இரண்டாம் கைக்கு வரும்போது ஒரு கல்லூரி ஆசிரியன் ஆசைப்படலாம் என்ற நிலை ஏற்பட்டது. நான் வாங்கியது 2018இல் வெளிவந்த ஜிஎஃப்எக்ஸ் 50ஆர், 51 மெகாபிக்சல். கூடவே 45 மி.மீ. லென்ஸ். வீட்டில் இதற்கு நடந்த விவாதம் டிரெவெல்யனின் குறிப்பை ஒத்தது என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

முதலில் பட்டது அதன் மந்தம். என் பழைய கேமரா விசையைத் தொட்டவுடன் குவியத்தைப் பிடித்துக்கொள்ளும். இது கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, யோசித்துத்தான் முடிவெடுக்கிறது. ஓடும் குழந்தையை, தேரோட்டத்தை, காவிரியில் குதிக்கும் சிறுவனை எடுக்க ஆகாது. கல்லை எடுக்கலாம், கல் காத்திருக்கும். இரண்டாவது, ஆழம். சுவர்ச் சிற்பத்தின் மூக்கு நுனியில் குவியம் வைத்தால் காது மங்கிவிடுகிறது. அதைச் சரிக்கட்டத் துளையைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் ஒளி போதாது, முக்காலி வேண்டும். தொல்லியல் துறையின் காப்பிலுள்ள சின்னங்களில் முக்காலி வைக்க முன்னனுமதி பெற வேண்டும் என்பதால், சுவரில் முதுகைச் சாய்த்து மூச்சை அடக்கி எடுப்பதற்கு ஒரு புதிய யோகாசனத்தைக் கற்றுக்கொண்டேன்.

எடுத்துச் சென்ற இடம் சீனிவாசநல்லூர். முசிறியிலிருந்து மேற்கே தொட்டியம் செல்லும் வழியில், காவிரியின் வடகரையில் இருக்கிறது கொரங்கநாதர் கோயில். முதலாம் பராந்தகன் காலத்தது என்று கலை வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதி. முற்சோழர் கலை குறித்த எந்த நூலிலும் இதன் தென்புறத் தட்சிணாமூர்த்திக்கு ஒரு பக்கம் உண்டு. கல்வெட்டுகள் இறைவனைத் திருக்குரக்குத்துறைப் பெருமானடிகள் என்கின்றன. 'குரங்கு' என்பதோடு 'துறை' சேரும்போது மென்றொடர் வன்றொடராகிக் 'குரக்கு' என்றாவது இலக்கணம்; மருந்து மருத்துப்பை ஆவதுபோல. வழக்கில் அது மீண்டும் குரங்காகி, 'கொரங்காகி', நாதரும் சேர்ந்துவிட்டார். வகுப்பில் புணர்ச்சி விதி நடத்தும்போது, பதினைந்து கிலோமீட்டருக்குள் இப்படியொரு எடுத்துக்காட்டு நிற்கிறது என்று சொன்னால் மாணவர்கள் ஒருமுறை நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ட்ரைப் வெளியிட்ட தொகுப்புகளின் தலைப்புகளில் திருச்சி உண்டு, திருவரங்கம் உண்டு, சேலம் மாவட்டத்து இராயக்கோட்டைகூட உண்டு. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் பக்கம் இல்லை. அதில் மனத்தாங்கல் ஒன்றுமில்லை. மாகாணம் பெரிது, காகிதம் சிறிது.

நம் நிலநேர்க்கோட்டில், பதினோரு பாகை வடக்கில், தெற்குச் சுவரைப் படமெடுக்க மாதம் பார்த்துப் போக வேண்டும். ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால் தெற்குச் சுவர் நாள்முழுதும் நிழலில் கிடக்கும். மார்கழியில் காலை எட்டு, எட்டரை மணிக்கு வெயில் கிழக்கிலிருந்து சுவரை உரசியபடி வரும். அந்த உரசலில்தான் எழுத்து எழும்பும். பள்ளம் கறுக்கும், மேடு வெளுக்கும். நேர்வெயிலில் அதே வரி வெறும் கல். அப்படியொரு காலையில் எடுத்த படங்களை இரவு கணினியில் விரித்தபோதுதான் கருவி மாற்றத்தின் பொருள் விளங்கியது. யாளி வரிசையின் மேல் வெயில் சுள்ளென்று விழுந்திருக்க, அதற்கு மேலே கோட்டத்தின் உள்ளே நிழல் கருமையாக இருந்தது. நிழலைத் திரையில் தூக்கத் தூக்க, பழைய கேமராவில் புள்ளிப் புள்ளியாய் அரிசிக்குருணை கொட்டியதுபோல் வரும். இதில் உள்ளே இருந்த கல் அப்படியே அமைதியாக வெளியே வந்தது. உளியின் கீறல், எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பின் மிச்சம். கண்ணால் அங்கே நின்று பார்த்தபோது நான் காணாதவை.

இருந்தாலும் கணக்கைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து இந்த லென்ஸில் எடுத்தால் ஏறத்தாழ 1.95 மீட்டர் சுவர் ஒரு படத்தில் அடங்குகிறது. படத்தின் நீளவாக்கில் 8256 பிக்சல். அதாவது ஒரு மில்லிமீட்டர் கல்லுக்கு நான்குக்குச் சற்று மேல். 24 மெகாபிக்சல் கொண்ட சாதாரண கேமராவில் அதே பரப்புக்கு மூன்று. வித்தியாசம் உண்டு, விளம்பரங்கள் சொல்லும் அற்புதம் இல்லை. ஓரடி முன்னே போய் நின்று இரண்டு படமாக எடுத்தால் சாதாரண கேமராவே இதை எட்டிவிடும். உண்மையில் லாபம் நிழலின் தரத்திலும், நிதானமாக எடுக்க வைக்கும் மந்தத்திலும்தான். சுருக்காமல் சேமித்தால் படம் ஒன்று நூறு எம்.பி.யைத் தாண்டுகிறது என்பதும் ஒருவகையில் நன்மை: தேவையில்லாததை எடுக்கக் கை தயங்குகிறது.

கல்வெட்டைப் படிக்க ஒளிப்படம் போதுமா என்று தொல்லியல் நண்பர்கள் கேட்பார்கள். போதாது. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுக்கும் மைப்படிக்கு ஈடு இன்றுவரை இல்லை. காகிதம் கல்லைத் தொட்டுச் சாட்சி சொல்கிறது. ஆனால் மைப்படி எழுத்தை மட்டுமே தரும். அந்த எழுத்துக்கு அருகில் கல் எப்படி வெடித்திருந்தது, எந்த அடுக்கில் சுண்ணாம்பு இருந்தது, எது பிற்காலச் செருகல் என்பதை ஒளிப்படமே தரும். திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு முறையால் கோயில் சுவர்களைச் 'சுத்தம்' செய்ததில் தமிழகத்தில் எத்தனை வரிகள் தேய்ந்தன என்பதை வாசகர்கள் அறிவர். தேய்வதற்கு முன் எடுத்த ஒரு நல்ல படம் இருந்தால் சண்டைபோடவாவது ஆதாரம் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து எடுத்துச் சேர்த்த கோயில் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். காணாமற்போன சிலைகளை வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் அடையாளம் காண அவை உதவியது அண்மைக்கால வரலாறு. அவற்றை எடுத்தவர்கள் திருட்டை எதிர்பார்த்து எடுக்கவில்லை. ட்ரைப்பைப்போலவே, வரிசையாக, சலிப்பில்லாமல் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது வேறொன்று. ட்ரைப்பின் உப்புக்காகிதம் நூற்றறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. என் கோப்புகள் இருக்கும் வன்தட்டுக்கு அத்தனை ஆயுள் கிடையாது. அந்தக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் என் மகன் காலத்தில் இருக்குமா என்பதும் ஐயம். ஆடம்பரம் என்று ஆளுநர் நிறுத்திய வேலைக்காவது அரசாங்கத்தின் அலமாரி ஒன்று இருந்தது. ஊருக்கு ஊர் இன்று கோயில்களைப் படமெடுக்கும் எங்களைப் போன்ற ஆர்வலர்களின் வட்டுகள் பரணில் தூசி படிந்து, ஆளோடு போய்விடுகின்றன. எடுத்த தேதி, திசை, சுவரின் எந்தப் பகுதி என்ற குறிப்பு இல்லாத படம், பதிப்பு விவரம் கிழிந்துபோன நூலைப்போல. படிக்கலாம், மேற்கோள் காட்ட முடியாது.

ஆகவே இந்த ஆண்டு ஒரு சிறு ஏற்பாடு. கோயிலின் அடித்தள யாளி வரிசையைத் தென்கிழக்கு மூலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படத்திலும் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததோடு மேற்படியுமாறு, இரண்டு மீட்டர் தொலைவை நூல்பிடித்து, எடுத்துவருகிறேன். தெற்குச் சுவர் முடிந்தது. மேற்குச் சுவருக்கு மாலை வெயில் வேண்டும். மாசியில் இரண்டு ஞாயிறுகள் போதும் என்று நினைக்கிறேன். வடக்குச் சுவருக்கு ஆனி, ஆடிவரை காத்திருந்தாக வேண்டும். முடிந்த படங்களில் பன்னிரண்டைத் தெரிந்தெடுத்துத் திருச்சியில் பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு வாங்கினேன். 15க்கு 12 அங்குலம்தான். பின்புறத்தில் தேதியும் திசையும் சுவர்ப்பகுதியும் பென்சிலில் எழுதி, ஒரு தொகுதி கல்லூரி நூலகத்துக்குப் போயிருக்கிறது. நூலகர் அதற்கு எந்த எண் கொடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இப்போதைக்கு அது நிலப்பட அலமாரியில், திருச்சி மாவட்ட வரைபடங்களுக்கு அடியில் இருக்கிறது.